அடுப்பு மூட்டாத சமையல்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுச் சமையல் சில மாதங்கள் என் பொறுப்பில் இருந்தது. சமையல் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். அடுப்பைத் தொடக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பான உத்தரவு. எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்துக் கை வெந்துபோயிருந்தது. அதனால் தீயில்லாமல் எதையெல்லாம் தின்னும்படி செய்யலாமோ அதெல்லாம் என் ராஜ்ஜியம். பொரி, அவல், பொட்டுக்கடலை, காலையில் வடித்த சோற்றில் மீந்தது. இவ்வளவுதான் எல்லைகள். ஆனால் அந்த ராஜ்ஜியத்தை நான் மிகுந்த பெருமையோடு ஆண்டேன் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

நாங்கள் மண்ணரை என்கிற பகுதியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே சுவரில் முதுகு சாய்த்த எட்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, அதன் மூலையில் சமையல் மேடை. அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அம்மாவுக்கும் அதே கம்பெனியில் பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை. வயிறு பெரிதாகிக் குனிய முடியாமல் போனதும் நின்றுகொண்டாள். எனக்கு ஒரு தங்கை. ஐந்து வயது. அவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். இன்னொரு பாப்பா வரப்போகிறது, இனி உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று பக்கத்து வீடுகளில் அவளைச் சீண்டுவார்கள். அவள் அதை நிஜமான பிரச்சினையாக எடுத்துக்கொண்டு யோசிப்பாள்.

யோசிக்க வேண்டிய தேவை வரவில்லை. ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா நான்காம் நாள் வெறும் கையோடு திரும்பி வந்தாள். எங்களுக்குத் துணையாக வந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, "தம்பி சாமிகிட்டயே போயிட்டான் அம்முணி" என்றாள். எனக்கு அது ஏற்றுக்கொள்ளும்படிதான் இருந்தது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே படுக்க இடமில்லை. அவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மிஷினிலேயே தைத்துக் கொண்டுவந்திருந்த ஆறு குட்டிப் பனியன்களை மட்டும் அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

அம்மா வந்ததும் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அவ்வளவுதான். பத்து நாள் வரை யாராவது வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பிறகு அத்தை அனுப்பர்பாளையத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். அப்பா வேலைக்குப் போனார். நாங்கள் பள்ளிக்கூடம் போனோம். அம்மா மட்டும் அதே பக்கமாகப் படுத்திருந்தாள். எழுந்து கழிப்பறைக்குப் போவாள், வருவாள், படுப்பாள். கூப்பிட்டால் திரும்புவாள். திரும்புகிற கண்ணில் நாங்கள் இருக்க மாட்டோம்.

அப்பா விடியற்காலையில் எழுந்து ஒரு பானைச் சோறும் ரசமும் வைத்துவிட்டு எட்டு மணிக்கு ஓடுவார். கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு அவர் வருவதற்குள் பாப்பா தூங்கியிருப்பாள். நான்கரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற எங்களுக்கு அந்த இடைவெளிதான் பெரிய கிணறு. முன்பெல்லாம் அம்மா வேலைக்குப் போகும் நாட்களிலும் மூடி வைத்த தட்டில் ஏதாவது இருக்கும்.

முதல் நாள் பொட்டுக்கடலையையும் சர்க்கரையையும் சின்ன இடிகல்லில் போட்டுப் பொடித்தேன். அதைக் காகிதத்தில் குவித்து நாக்கால் ஒற்றித் தின்றோம். பாப்பாவுக்குச் சிரிப்பு வந்து மாவு மூக்கில் ஏறித் தும்மினாள். இரண்டாம் நாள் அவல். எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று தெரியாமல் ஒரு சொம்பையும் கவிழ்த்தேன். அது போஸ்டர் ஒட்டுகிற பசைபோல ஆகிவிட்டது. அதையும் தின்றோம். பசியுள்ளவர்கள் விமர்சனம் செய்வதில்லை. மூன்றாவது முயற்சியில், அவலைக் களைந்து வடித்துவிட்டு ஈரத்திலேயே கால் மணி நேரம் மூடி வைத்தால் போதும் என்பதைக் கண்டுபிடித்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

பிறகு பொரி வந்தது. வெங்காயத்தையும் தக்காளியையும் பொடியாக அரிந்து, வறுத்த நிலக்கடலையைத் தோல் ஊதிப் போட்டு, உப்பு, மிளகாய்த் தூள், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கையாலேயே பிசற வேண்டும். பிசறிய உடனே தின்றுவிட வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் நமுத்துவிடும். மிளகாய்த் தூள் டப்பா மேல் பலகையில் இருந்தது. எனக்கு எட்டாது. தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து ஏறி ஒருமுறை விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எதிர்வீட்டு அக்கா காலையில் வேலைக்குப் போகும் முன் வந்து எடுத்துக் கொடுப்பார்.

எதிர்வீட்டு அக்கா மதுரைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். ஒருநாள் வாசலில் நின்று உள்ளே படுத்திருந்த அம்மாவைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஏத்தா, ஒங்கம்மாவுக்கும் வாய்க்கு ருசியா எதாச்சும் குடுங்கத்தா. ஒரு வாய் எறங்கிருச்சுன்னா மனசு தானா எந்திரிச்சிரும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா வைக்கிற ரசம் ருசியில்லாதது, அதனால்தான் அம்மா எழுந்திருப்பதில்லை. இதைச் சரிசெய்ய என்னால் முடியும்.

அன்றிலிருந்து மூன்று தட்டு வைத்தோம். அம்மாவின் தட்டில் மட்டும் நிலக்கடலை அதிகம். அவள் தலைமாட்டில் தட்டை வைத்துவிட்டு நானும் பாப்பாவும் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே தின்போம். அம்மா தொடமாட்டாள். "எந்திரிங்கம்மா, நமுத்துப்போயிருங்க" என்பேன். "வேண்டாஞ் சாமி, நீங்க ரெண்டு பேரும் தின்னுங்க" என்பாள். அதுவும் சில நாட்களில்தான். பல நாட்களில் அந்தப் பதிலும் இருக்காது. எறும்பு வருவதற்கு முன் அந்தத் தட்டையும் நாங்களே காலி செய்வோம். நமுத்த பொரிக்கு ஒரு ருசி உண்டு. எனக்கு இன்றைக்கும் அது வாயில் நிற்கிறது.

நான் விடவில்லை. அவலில் தேங்காய் துருவிப் போட்டேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த வெல்லத்தை எடுத்துத் தட்டிப் போட்டேன். சாமி குற்றம் ஆகிவிடக் கூடாதே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சோற்றில் தயிர் விட்டு மாங்காய் ஊறுகாயின் எண்ணெயை மட்டும் வழித்துப் பிசைந்தேன். ரொட்டிக்கு நடுவே சர்க்கரை வைத்து அழுத்தினேன். பாப்பா ஒருநாள் ஓர் உருண்டையை எடுத்து அம்மாவின் உதட்டில் வைத்தாள். அம்மா வாயைத் திறந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அம்மா மெல்லவில்லை. வாயில் ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவள்போல இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது வாய்க் கோடி வழியாகத் தலையணையில் வழிந்தது. பனியன் கட்டிங் வேஸ்ட் அடைத்த தலையணை. ஈரம் உடனே உள்ளே போய்விட்டது. பாப்பா என்னிடம் வந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். தினமும்தான் அழுவாள். இரவில் தூக்கத்திலும் அம்மா அம்மா என்று விசும்புவாள். அம்மா ஒரு கை தூரத்தில்தான் படுத்திருப்பாள்.

ஒரு சாயங்காலம் என்னால் முடியவில்லை. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து, தக்காளி வாங்கக் கடைக்கு ஓடி, வெங்காயம் அரிந்து கண் எரிந்து, பொரி பிசறிக் கொண்டுபோய் வைத்தால் அம்மா திரும்பவே இல்லை. "நாஞ் செஞ்சா தின்ன மாட்டீங்களா?" என்று கத்திவிட்டுத் தட்டைக் காலால் எத்தினேன். பொரி அறை முழுவதும் சிதறியது. ஸ்டவ்வுக்கு அடியில், பாய்க்கு அடியில், பாப்பாவின் தலையில்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். அடிக்கப்போகிறாள் என்று சுவரோடு ஒட்டினேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் தவழ்ந்து தவழ்ந்து பொரியைப் பொறுக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாக. கைப்பிடியாக அள்ளவில்லை. பாப்பாவின் முடியிலிருந்து நான்கைந்தை எடுத்தாள். கடைசி ஒன்று ஸ்டவ்வின் காலுக்குப் பின்னால் கிடந்தது. அதையும் விரலை நீட்டி எடுத்துத் தட்டில் போட்டாள். தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.  நான் அன்று எதையும் தின்னவில்லை. அதன்பிறகு கோபமும் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். நான் பொரி பிசறிக் கொடுத்தேன். "தேவலையே, என்ற மருமகளுக்குக் கையில ருசி இருக்குதே" என்று அத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றாள். பிறகு அவளும் அப்பாவும் வாசற்படியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் உள்ளே கதவருகில் பாப்பாவுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் குரலைத் தாழ்த்தவும் இல்லை.

"எத்தன நாளைக்குத் தம்பி இப்பிடியே உட்டு வெப்பே? பிரமை புடிச்சவளாட்டப் படுத்துக் கெடக்கறா. அவ பொறந்த ஊட்டுல கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும். அண்ணங்காரன் பாத்துக்குவான். பொறவு என்ன பண்றதுன்னு நாம யோசிச்சுக்கலாம்."

"புள்ளைக என்னக்கா பண்ணும்?" என்றார் அப்பா.

"பெரியவ கெட்டிக்காரி. அவளே பண்ணித் தின்னுக்கறா, சின்னவளுக்கும் போடறா. நாந்தான் இப்பப் பாத்தனே. ஒரு தொந்தரவும் இல்ல."

அப்பா சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சு நூலை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காதுவரை சிரிப்பு வந்தது. அத்தை லேசில் யாரையும் கெட்டிக்காரி என்று சொல்லிவிடுகிறவள் அல்ல. பாப்பாவின் காதில், "கேட்டியா?" என்றேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மூன்று நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா உட்கார்ந்திருந்தாள். சுவரில் சாய்ந்து, முடியை அள்ளி முடிந்து, காலை நீட்டி. நான் பையை வாசலிலேயே போட்டுவிட்டேன்.

"இன்னைக்கு என்ன கண்ணு பண்ணப் போற?" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது. ரொம்ப நாள் புழங்காத குரல்.

"பொரிங்கம்மா."

"எல்லாத்தையும் இங்க கொண்டா. என்ற முன்னால பண்ணு."

பொரி பிசறுகிற ஏனத்தையும் கத்தியையும் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் பரப்பினேன். மிளகாய்த் தூள் டப்பாவை எதிர்வீட்டு அக்கா காலையிலேயே இறக்கிக் கொடுத்திருந்தார். நல்லவேளை.  பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த அன்று பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல எழுந்து நின்றதுபோல இருந்தது.

வெங்காயத்தை நறுக்கும்போது அம்மா என் விரல்களையே பார்த்தாள். "வெரல மடக்கிப் புடிச்சுக்க" என்றாள். நான் மடக்கித்தான் பிடித்திருந்தேன்.

"பாப்பாவுக்கு?"

"மொளகாத்தூள் போடறதுக்கு முன்னாலயே அவளுக்குத் தனியா எடுத்து வெச்சிருவனுங்கம்மா."

"அந்த மேல் பலகை உனக்கு எட்டுதா?"

"எட்டுங்கம்மா."

"பொரி இல்லாத அன்னைக்கு?"

"அவல் நனைப்பேன். ரொம்பத் தண்ணி உடக் கூடாது. களைஞ்சு வடிச்சு மூடி வெக்கோணும்."

"சோறு நாத்தம் அடிச்சா?"

"அதத் தின்னக் கூடாதுங்க. பாப்பாவுக்கும் குடுக்க மாட்டேன். பொட்டுக்கடலைய இடிச்சுக்குவோம்."

"ஸ்டவ்வு?"

"தொட மாட்டேன்."

கேள்வி வர வர எனக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது. அம்மா இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று! இன்னும் கேட்கட்டும், இன்னும் கேட்கட்டும் என்றிருந்தது. பாப்பா அம்மாவின் முட்டியில் தலையை வைத்துக்கொண்டு பொரியைக் கொறித்தாள். அம்மா அவள் தலையைக் கோதினாள். கடைசியாகக் கேட்டாள்:

"பாப்பா அழுதா என்ன பண்ணுவே?"

"அழுகவே மாட்டாங்கம்மா. எங்கூட இருந்தா அவ அழுகறதே இல்ல" என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த முறை அந்தக் கண்ணில் நான் இருந்தேன். பிறகு தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு வாய், இரண்டு வாய். முழுவதும். தட்டின் அடியில் ஒட்டியிருந்த வெங்காயத்தைக்கூட வழித்துத் தின்றாள். தண்ணீர் குடித்தாள். "நல்லாருக்குது சாமி" என்றாள்.

நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அக்கா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. அவர் மாமியாரிடம் சொன்னேன். குழாயடியில் நின்றவர்களிடம் சொன்னேன். அப்பா வந்ததும் அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள், "அம்மா சாப்புட்டாங்கப்பா, நான் பண்ணுன பொரிய முழுசாச் சாப்புட்டாங்க" என்று கத்தினேன். அப்பா சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற ஆள்.

மறுநாள் காலையில் அவிநாசிபாளையத்திலிருந்து மாமன் வந்தார். அம்மாவின் அண்ணன். அம்மா குளித்து, பெட்டியிலிருந்து மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். எனக்கும் பாப்பாவுக்கும் அவளே தலை வாரினாள். பின்னலை அவ்வளவு இறுக்கமாக அவள் போட்டதே இல்லை. துணிப்பையில் இரண்டு சேலை. அம்மா ஊருக்குப் போகிறாள், கொஞ்ச நாளில் வந்துவிடுவாள் என்றார் அப்பா. எனக்குத் துளியும் வருத்தமில்லை. சீக்காக இருக்கிறவர்கள் ஊருக்குப் போக மாட்டார்கள். நல்லாகிவிட்டவர்கள்தான் போவார்கள். என் கைப்பொரிதான் அவளை நல்லாக்கியது. வகுப்பில் எல்லோரிடமும் அன்று இதைச் சொன்னேன். இரண்டு பேர் எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

அம்மா திரும்பி வரவில்லை.

இரண்டு முறை எங்களை அங்கே கூட்டிப்போனார்கள். மாமன் வீட்டில் தட்டுமுட்டுச் சாமான்கள் போடுகிற அறையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாயைத் திறப்பதேயில்லை என்று பெரியவர்களிடம் சொல்வதுபோல மாமன் பெண்டாட்டி எங்களிடம் குறைபட்டுக்கொண்டாள். இரண்டாம் முறை நான் ஒரு பொட்டலத்தில் பொரியும் வெங்காயமும் கொண்டுபோயிருந்தேன். பிசறி முன்னால் வைத்தேன். அம்மா திரும்பவில்லை. ஒருநாள் செய்துகாட்டிய வித்தை மறுபடி பலிக்காததில் எனக்கு அவமானமாக இருந்தது. உப்புப் போதவில்லை என்று பாப்பாவிடம் சொன்னேன்.

மறுவருஷம் அப்பா இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். சின்னம்மா கெட்டவள் இல்லை. நான்கரை மணிக்குச் சூடாக ஏதாவது செய்து வைப்பாள். பாப்பா சீக்கிரமே அவளை அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டாள். எங்கள் அம்மாவைப் பார்க்கப் போவது நின்றுபோயிற்று. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவள் இறந்தாள். காய்ச்சல் என்றார்கள். அரிசி அளக்கிற வள்ளத்தைத் தூக்குகிற பாரம்கூட அவள் உடம்பில் இல்லை என்று தூக்கியவர்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

இப்போது எனக்கு அம்மா இறந்தபோது அவளுக்கு இருந்த வயதைவிட அதிக வயது. எந்த டாக்டரிடமாவது கூட்டிப்போயிருந்தால் அவளுக்கு இருந்தது என்ன நோய் என்று பெயர் சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரியும். தங்கையிடம் ஒருமுறை அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசினேன். அவளுக்கு எதுவும் நினைவில்லை. "நீ என்ன சொல்லியிருந்தாலும் அம்மாவ அவங்க அனுப்பித்தான் இருப்பாங்க, உடு அக்கா" என்றாள். இருக்கலாம். அத்தை முடிவு செய்துவிட்டாள், மாமனுக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது.

ஆனால் அம்மா அன்று ஏன் எழுந்து உட்கார்ந்தாள் என்பது எனக்குத் தெரிகிறது. வாசற்படிப் பேச்சு முழுவதையும் அவள் கேட்டிருக்கிறாள். நாங்கள் இருவரும் அவள் இல்லாமல் பிழைத்துக்கொள்வோமா என்று பார்த்தாள். பலகை எட்டாது என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் குடத்தோடு விழுந்தது அவள் காலடியில்தான். பாப்பா இரவெல்லாம் அழுததும் அவள் காதுக்குப் பக்கத்தில்தான். அப்படியும் கேட்டாள், ஒன்றன்பின் ஒன்றாக. எட்டாதுங்கம்மா, தெரியாதுங்கம்மா, நீங்க இல்லாம முடியாதுங்கம்மா என்று ஏதாவது ஒன்றுக்காவது நான் சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருப்பாளோ என்னவோ. எனக்கு அது உறைக்கவில்லை. வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளை நான். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்லிவிட்டு, அம்மா இன்னொன்று கேட்க மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.